எழுத்துரு கடைசியில், இடைவெளி முதலில்

கிராபிக் டிசைன் கற்கத் தொடங்குபவர்கள் முதல் வாரத்திலேயே எழுத்துருக்களை அள்ளி அள்ளி இறக்கிவைத்துக்கொள்கிறார்கள். ஒரு போஸ்டர் சரியாக வரவில்லையா, எழுத்துருவை மாற்று. அதுவும் சரிப்படவில்லையா, இன்னொன்றைப் போடு. ஆனால் கோளாறு பெரும்பாலும் எழுத்துருவில் இருப்பதில்லை. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். பத்தி அளவுக்கு மீறி அகலமாக இருக்கும். உபதலைப்பு தனக்குரிய பத்தியை விட்டுவிட்டு மேலே முடிந்த பத்தியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எந்த எழுத்துருவைப் போட்டாலும் இவை மாறப்போவதில்லை.

தமிழில் வேலை செய்பவருக்கு இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. பாடங்களில் வரும் அளவுகள் ரோமன் எழுத்துக்காக, அதாவது ஆங்கிலம் எழுதும் எழுத்துக்காக, வகுக்கப்பட்டவை. வரி இடைவெளி 120 சதவீதம், வரிக்கு 45 முதல் 75 எழுத்து, தலைப்புக்குப் பெரிய எழுத்து (கேபிடல்), அழுத்தம் வேண்டிய இடத்தில் சாய்வெழுத்தான இட்டாலிக் என்று அடுக்குவார்கள். இதில் ஒன்றுகூட அப்படியே தமிழுக்குப் பொருந்தாது. அடிப்படைக் காரணங்கள் எல்லா எழுத்துக்கும் ஒன்றுதான். அளவுகளைத்தான் நாமே போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

அளவு என்பது எதன் அளவு?

72 பாயின்ட் ஓர் அங்குலம். ஒரு பாயின்ட் ஏறத்தாழ 0.353 மில்லிமீட்டர். 12 பாயின்ட் என்று போட்டால் எழுத்து 12 பாயின்ட் உயரத்தில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. அது எழுத்து உட்கார்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத பெட்டியின் உயரம். ஈய எழுத்துக் காலத்தில் அந்தப் பெட்டி நிஜமான உலோகக் கட்டையாக இருந்தது; இன்று கணக்காக மட்டும் மிஞ்சியிருக்கிறது. பெட்டிக்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது எழுத்துருவை வடிவமைத்தவரின் விருப்பம். அதனால்தான் இரண்டு தமிழ் எழுத்துருக்களை ஒரே 12 பாயின்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று பெரிதாகவும் மற்றது சுருங்கியும் தெரிகிறது.

ஆகவே எழுத்துருவை மாற்றும்போதெல்லாம் அளவையும் மறுபடி பார்க்க வேண்டும். ஒப்பிடுவதற்கு ‘ப’ வசதியான எழுத்து. மேலேயும் ஏறாது, கீழேயும் இறங்காது. பழைய எழுத்துருவின் ‘ப’ உயரமும் புதியதன் ‘ப’ உயரமும் ஒன்றாகும்வரை அளவைக் கூட்டியோ குறைத்தோ வையுங்கள். பிறகு எது நன்றாக இருக்கிறது என்று தீர்மானிக்கலாம். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் பெரும்பாலும் பெரிதாகத் தெரிவதுதான் ஜெயிக்கும்.

பேனர், பலகை போன்றவற்றுக்கும் இதே கணக்குதான். மூன்று மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் எழுத்துயரம் என்பது பலகை வேலையில் புழங்கும் ஒரு கைக்கணக்கு. அந்த 25 மில்லிமீட்டரை ‘ப’வின் உயரமாகக் கொள்ளுங்கள். நீங்கள் எடுத்த எழுத்துருவில் ‘ப’ பெட்டியின் பாதி உயரம் என்றால், பெட்டி 50 மில்லிமீட்டர், அதாவது சுமார் 142 பாயின்ட் வேண்டும். 25 மில்லிமீட்டருக்கு 71 பாயின்ட் என்று நேராகப் போட்டவரின் பலகையை எழுந்து பக்கத்தில் போய்த்தான் படிக்க வேண்டியிருக்கும்.

திரையில் 16 பிக்சல் என்பது கணக்கில் 12 பாயின்டுக்குச் சமம். பத்திகளில் வரும் தமிழ் உடல் எழுத்துக்கு 17 முதல் 19 பிக்சல் வரை வைப்பது நல்லது. ண, ஞ போன்றவற்றின் சுழிகள் சின்ன அளவில் அடைத்துக்கொள்ளும் என்பதே காரணம். அச்சில் புத்தகத்துக்கு 10.5 முதல் 12 பாயின்ட் வரை, எழுத்துருவைப் பொறுத்து.

வரி இடைவெளி

கணினியில் பக்கம் அமைக்கும் டி.டி.பி.க்காரர்கள் இதை இன்னமும் லீடிங் என்றுதான் சொல்கிறார்கள். வரிகளுக்கு நடுவே ஈயப் பட்டைகளைச் செருகிய நாளில் பிறந்த பெயர். இன்று அதை எழுத்துகள் உட்காரும் ஓர் அடிக்கோட்டிலிருந்து (பேஸ்லைன்) அடுத்த வரியின் அடிக்கோடுவரை அளக்கிறோம். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் தானாக வைப்பது எழுத்தளவில் 120 சதவீதம். 10 பாயின்டுக்கு 12.

தமிழுக்கு இது போதாது. ரோமனில் மேலே நீள்வன சில எழுத்துகள், கீழே இறங்குவன சில. தமிழிலோ புள்ளி, இகர ஈகாரக் கொக்கிகள் எல்லாம் மேலே. உகர ஊகாரக் குறிகள், ‘ழ’, ‘ற’, ‘ஞ’ ஆகியவற்றின் வால்கள் கீழே. இரண்டும் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லிலும் வரும். மேல்வரியின் ‘கூ’வும் கீழ்வரியின் ‘ணீ’யும் ஒரே செங்குத்தில் அமைந்துவிட்டால் மோதிக்கொள்ளும். மோதாவிட்டாலும் வரிகளுக்கு இடையே ஓட வேண்டிய வெள்ளைப் பட்டை துண்டு துண்டாகி, அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தேடும்.

உடல் எழுத்துக்கு 145 முதல் 160 சதவீதத்தில் தொடங்குங்கள். 11 பாயின்டுக்கு 16 அல்லது 17. திரைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டி 1.6 முதல் 1.8. பத்தி அகலமானால் வரி இடைவெளியும் கூட வேண்டும். வரியின் கடைசியிலிருந்து கண் திரும்பிவரும் தூரம் அதிகம் அல்லவா? ஒடுங்கிய பத்திக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

தலைப்புகளில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குவது. பெரிய எழுத்துக்கு வரி இடைவெளியை இறுக்க வேண்டும் என்பது பொதுவிதி, அது சரியும்கூட. ரோமன் போஸ்டர்களில் 90 சதவீதம் வரைகூட இறுக்கிவிடுகிறார்கள். முழுக்க கேபிடல் எழுத்தில் இருக்கும் வரிகளில் மோதுவதற்கு எதுவும் இல்லை என்பதால் அது நடக்கிறது. தமிழில் 120க்குக் கீழே போனால் ஏதாவது ஒரு கொக்கி ஏதாவது ஒரு வாலைத் தொடும். அப்படியும் இறுக்கமான தோற்றம் வேண்டுமென்றால் வரியை வேறிடத்தில் உடைத்துப் பாருங்கள். ‘மூ’வுக்கு நேர்கீழே ‘தீ’ வராமல் ஒரு சொல்லை நகர்த்தினாலே பல நேரம் 110 சதவீதம் வரை இறங்க முடியும். தலைப்பை எங்கே உடைப்பது என்பது தமிழில் பொருளை மட்டும் பொறுத்ததல்ல, அந்த வரியில் எந்த எழுத்துகள் எங்கே விழுகின்றன என்பதையும் பொறுத்தது.

பத்தியின் அகலமும் ஜஸ்டிஃபையும்

எழுத்தை எண்ணுவதைவிடச் சொல்லை எண்ணுவது தமிழுக்கு எளிது. புத்தகத்தில் வரிக்கு 6 முதல் 8 சொல் வந்தால் வசதியாகப் படிக்கலாம். விகுதியும் வேற்றுமை உருபும் சேர்ந்து நம் சொற்கள் நீண்டவை. ‘எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்பது ஒரே சொல். இதன் நேரடி விளைவு, வரியில் சொல் இடைவெளிகள் குறைவு.

இருபக்கமும் நேராக்கும் ஜஸ்டிஃபை இங்கேதான் உதைக்கிறது. 11 பாயின்ட் எழுத்தில் சொல் இடைவெளி ஏறக்குறைய 3 பாயின்ட் என்று வையுங்கள். வரியின் கடைசியில் 20 பாயின்ட் மிச்சம். அடுத்த நீளச் சொல் அதில் நுழையாது. வரியில் பத்து இடைவெளிகள் இருந்தால் தலைக்கு 2 பாயின்ட் கூடும், யாருக்கும் தெரியாது. நம் வரியில் இருப்பதோ ஐந்து. தலைக்கு 4 கூடி, 3 பாயின்ட் இடைவெளி 7 ஆகிவிடும். இரண்டு மூன்று வரிகளில் இப்படி நடந்தால் பத்திக்குள் வெள்ளை ஓடைகள் ஓடும்.

ஓடையை அடைக்க மூன்று வழிகள். முதலாவது, ஜஸ்டிஃபை வேண்டாம் என்று விட்டுவிட்டு இடப்பக்கம் மட்டும் நேராக வைப்பது. போஸ்டர், துண்டறிக்கை, இணையப் பக்கம், கைபேசித் திரை அனைத்துக்கும் என் தேர்வு இதுவே. திரையில் தமிழை ஜஸ்டிஃபை செய்ய ஒரு காரணமும் எனக்குப் புலப்படவில்லை. இரண்டாவது, பத்தியை அகலமாக்குவது அல்லது எழுத்தைச் சிறிதாக்குவது. மூன்றாவது, சொல்லை வரிமுடிவில் உடைப்பது. தமிழ் அச்சு வழக்கில் ஹைஃபன் போடாமலே உடைப்பார்கள். அதற்கு ஒழுங்கு உண்டு: அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக்கூடாது, வரியின் முடிவிலோ தொடக்கத்திலோ ஒற்றை எழுத்து தனித்து நிற்கக்கூடாது. ‘பாடங்களில்’ என்ற சொல்லை ‘பாடங் / களில்’ என்று உடைக்கலாம், ‘பாட / ங்களில்’ கூடாது. இன்டிசைனில் ‘டிஸ்கிரிஷனரி லைன் பிரேக்’ என்றொரு குறி இருக்கிறது. ஹைஃபன் விழாமல் உடைக்க அதைச் செருகலாம். வெறும் என்டர் தட்டி உடைத்தால், பிறகு பத்தியில் ஒரு சொல் கூடினாலும் எல்லாம் சிதறிப்போகும்.

இன்டிசைனின் ஜஸ்டிஃபிகேஷன் பெட்டியில் எழுத்து இடைவெளியை மட்டும் பூஜ்யத்திலேயே விட்டுவையுங்கள். எழுத்தின் அகலத்தைச் சற்றே சுருக்கி விரிக்கும் கிளிஃப் ஸ்கேலிங்கை 98 முதல் 102 சதவீதம் வரை அனுமதித்தால் தொந்தரவில்லை, கண் கண்டுபிடிக்காது.

எழுத்துகளுக்கு நடுவே

கெர்னிங் என்பது இரண்டு எழுத்துகளுக்கு நடுவே மட்டும் செய்யும் திருத்தம். ட்ராக்கிங் என்பது முழு வரிக்கும் ஒரேயடியாகச் செய்வது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

நவீனமாகத் தெரிய வேண்டும் என்று தலைப்பில் எழுத்துகளை அகட்டி வைக்கும் பழக்கம் ரோமன் வடிவமைப்பிலிருந்து வந்தது. தமிழில் இதற்கு ஒரு பெரிய இடைஞ்சல். ‘கி’, ‘கு’ ஆகியவை எழுத்துருவுக்குள் பெரும்பாலும் ஒரே வடிவம். ‘கா’ இரண்டு வடிவம், ‘கொ’ மூன்று. பல மென்பொருள்களில் ட்ராக்கிங் கூட்டினால் ‘கி’ அப்படியே இருக்கும். ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று விலகிப்போகும். கொம்பு முந்தைய எழுத்தைச் சேர்ந்ததா பிந்தையதைச் சேர்ந்ததா என்று தெரியாது. கால் தனியே நின்று ‘ர’வாகிவிடும். அகட்டியே தீர வேண்டுமென்றால் கொம்பையும் காலையும் அதனதன் எழுத்தோடு கையால் கெர்ன் செய்து சேருங்கள். நான்கைந்து எழுத்துள்ள பெயருக்குச் செய்யலாம். ஒரு வாக்கியத்துக்குச் செய்யாதீர்கள்.

பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக வைக்கும் டிராப் கேப்பிலும் இதே கவனம் வேண்டும். ‘கோயில்’ என்று தொடங்கும் பத்தியில் பெரிதாக வேண்டியது ‘கோ’ முழுவதும்.

படிநிலை

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு நமக்கில்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் நிஜமான இட்டாலிக்கும் இல்லை. மென்பொருள் சாய்த்துக் கொடுப்பது எழுத்தைத் தள்ளிவிட்டது போலத்தான் இருக்கிறது. எனவே எது முதலில், எது அடுத்து என்ற படிநிலையைக் காட்ட எடை (கோட்டின் தடிப்பு), அளவு, நிறம், இடைவெளி ஆகிய நான்குதான் கையில் உள்ளவை. போதும்.

நல்ல பயிற்சி ஒன்று. ஒரு நிகழ்ச்சி அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: தலைப்பு, பேச்சாளர்கள், தேதி, இடம், நான்கு வரி விளக்கம். முதல் தாளில் ஒரே எழுத்துரு, ஒரே அளவு, ஒரே எடை. இடைவெளியை மட்டும் மாற்றி எது முக்கியம் என்று காட்டுங்கள். இரண்டாம் தாளில் போல்டு சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவதில் அளவு. நான்காவதில் ஒரு நிறம். பலருக்கு இரண்டாம் தாளிலேயே வேலை முடிந்துவிடும். மூன்றாவதும் நான்காவதும் ஒப்பனைதான் என்று அப்போது புரியும்.

அளவுகளைத் தாறுமாறாக எடுக்காமல் ஒரு விகிதத்தில் ஏற்றுங்கள். 11, 14, 18, 24 என்பது ஏறக்குறைய 1.3 மடங்காக ஏறும் வரிசை. 11க்குப் பக்கத்தில் 12 போட்டால் அது படிநிலையாகத் தெரியாது, தவறிப் போட்டதாகத் தெரியும். உபதலைப்புக்கு மேலே உள்ள இடைவெளி கீழே உள்ளதைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். வரி இடைவெளி 17 பாயின்ட் என்றால் மேலே 24, கீழே 10 வைக்கலாம். மொத்தம் 34, சரியாக இரண்டு வரி. உபதலைப்பின் வரி இடைவெளியும் 17 ஆகவே இருந்தால், பக்கத்து நெடுவரிசையின் வரிகளோடு இந்த நெடுவரிசையின் வரிகள் கோணாமல் நிற்கும். பேஸ்லைன் கிரிட் என்று பெரிதாகச் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

போல்டு பொத்தானை அழுத்துவதற்குமுன் அந்த எழுத்துருவில் போல்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பல மென்பொருள்கள் கோட்டைத் தடிப்பாக்கிப் போலி போல்டு தரும். ‘ண’வின் சுழிகள் அடைந்து கரும்புள்ளியாவது அதனால்தான்.

இனி எழுத்துரு

ஓர் எழுத்துருவைச் சோதிக்க நீளமான பத்தி தேவையில்லை, சில சொற்கள் போதும். ‘காரர்’ என்று தட்டுங்கள்: காலும் ‘ர’வும் வேறுபட்டுத் தெரிகின்றனவா? அலங்கார எழுத்துருக்களில் ‘ர’வின் வாலை வெட்டிவிடுவார்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். ‘அண்ணன்’ என்று தட்டி 9 பாயின்டுக்குக் குறையுங்கள்: மூன்று சுழியும் இரண்டு சுழியும் பிரிந்து தெரிகின்றனவா? ‘எ’யையும் ‘ஏ’யையும் அடுத்தடுத்து வையுங்கள். ‘கௌ’வில் வரும் கடைசி வடிவம் ‘ள’வைவிடச் சற்றாவது மாறுபட்டிருந்தால், வடிவமைத்தவர் அக்கறையோடு செய்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

ணை, லை, னா, றா போன்றவை பழைய வடிவத்தில் வருகின்றனவா, 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற சீர்திருத்த வடிவத்தில் வருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பழைய வடிவம் தலைப்புக்கு அழகு. ஆனால் ஒரே தாளில் தலைப்பு ஒரு மாதிரி, உடல் ஒரு மாதிரி இருந்தால் அலங்கோலம்.

பழகுவதற்கு இரண்டு எழுத்துருக் குடும்பங்கள் போதும். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டிலும் மெல்லியதிலிருந்து தடித்ததுவரை ஒன்பது எடைகள். ஏக் டைப் நிறுவனம் வெளியிட்ட அனெக் தமிழில் எடையோடு அகலத்தையும் மாற்றலாம். நீளத் தமிழ்ச் சொற்களை ஒடுங்கிய இடத்தில் அடைக்க வேண்டியபோது இது பெரிய வரம். எழுத்தை இழுத்து நசுக்கி ஒடுக்கினால் செங்குத்துக் கோடுகள் மெலிந்து படுக்கைக் கோடுகள் தடிப்பாகவே நிற்கும். அகல மாற்றம் எழுத்துருவிலேயே இருந்தால் அந்தக் கோணல் வராது. இவை எல்லாம் ஓப்பன் ஃபாண்ட் உரிமத்தில் இலவசம்.

தமிழோடு எண்களும் ரோமன் எழுத்தும் கலந்து வரும்போது எண்கள் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தமிழ் எழுத்தின் நடுவுடல் ரோமனின் பெரிய எழுத்தைவிடக் குள்ளம், எண்களோ பெரிய எழுத்தின் உயரத்தில் இருக்கும். எண்களை 90 முதல் 95 சதவீதத்துக்குக் குறையுங்கள். இன்டிசைனில் எண்களை மட்டும் தேடிப்பிடித்து மாற்றும் கிரெப் ஸ்டைல் ஒன்றை எழுதிவைத்தால் முழுப் புத்தகத்துக்கும் தானாக நடக்கும்.

உடைந்து வரும் எழுத்து

கொம்பு எழுத்துக்குப் பின்னால் விழுகிறதா? புள்ளிகளால் ஆன வட்டம் தோன்றுகிறதா? எழுத்துருவைத் திட்ட வேண்டாம். யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ‘க’, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் நகர்த்திக் காட்டுவது மென்பொருளின் வேலை. இன்டிசைனில் பாராகிராஃப் பலகத்தின் மெனுவில் ‘வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ தேர்ந்தால் சரியாகிவிடும். அதைப் பாராகிராஃப் ஸ்டைலுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்; பத்தி பத்தியாக மாற்றிக்கொண்டிருந்தால் எங்கேயாவது ஒன்று தப்பும். இல்லஸ்ட்ரேட்டரில் டைப் பிரிஃபரன்சஸுக்குள் இந்திய மொழிகளுக்கான தேர்வு உண்டு; போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் இதுபோன்ற தேர்வு இருந்தது.

எழுத்துரு மாறியதும் முழுப் பத்தியும் பொருளற்ற ரோமன் எழுத்தாக மாறினால், அது பாமினி போன்ற பழைய குறியீட்டில் தட்டியது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகே கைவையுங்கள். மாற்றியதும் ஒருமுறை ‘தேடு’ போட்டுப் பாருங்கள்: காலுக்குப் பதில் ‘ர’, ‘கௌ’வுக்குப் பதில் ‘கெ’யும் ‘ள’வும் என்று கண்ணுக்குச் சரியாகத் தெரிந்து தேடலில் சிக்காத பிழைகள் ஒளிந்திருக்கும்.

அச்சுக்கு அனுப்புமுன் ஒரு பக்கத்தை 100 சதவீத அளவில் அச்சிடுங்கள். ‘ஃபிட் டு பேஜ்’ தேர்வு இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையேல் 11 பாயின்ட் எழுத்து சுருங்கிப்போய்த் தவறான முடிவு எடுக்க நேரும். உடல் எழுத்தின் கறுப்பு, கறுப்பு மை 100 சதவீதம் மட்டுமாக இருக்கட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பில் அச்சுத் தகடு இம்மி விலகினாலும் புள்ளிகளைச் சுற்றி வண்ண ஓரம் தெரியும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் மை பரவி மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும். ஒரு படி கூடிய எடை போடுங்கள். பி.டி.எஃப்.பில் எழுத்துருக்கள் உட்பொதிந்துள்ளனவா என்று கோப்பின் விவரப் பெட்டியில் சரிபாருங்கள். எழுத்துகளை வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றி, அதாவது அவுட்லைன் ஆக்கித் தரும்படி அச்சகம் சொன்னால், அவுட்லைன் ஆக்காத பிரதியை வேறு பெயரில் சேமித்துவிட்டு ஆக்குங்கள். அவுட்லைன் ஆன எழுத்தில் ஒரு புள்ளியைத் திருத்த வேண்டுமென்றாலும் மறுபடி தட்டித்தான் ஆக வேண்டும்.